ஐம்பது கோடி ஆண்டுக் குஞ்சுகள்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் என் தலைப்பு “பேலியோசோயிக் கடல்களின் கிரஸ்டேசியன்கள்” என்று இருந்தது. பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தபோது, அந்தப் பெரிய தலைப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு செய்தி மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. ஆகவே அச்சுக்குத் தரும் இந்த வடிவத்தில் தலைப்பை மாற்றியிருக்கிறேன். இறால், நண்டு, சிங்கி இறால், படகின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்று விரியும் இந்தப் பெருங்குலத்தின் தொன்மையை நெடுங்காலம் பெரிய உடல்களில் தேடினார்கள். மிகத் தெளிவான விடை கிடைத்தது இரண்டு மில்லிமீட்டரை எட்டாத உடல்களில், அவற்றுள்ளும் குஞ்சுகளில். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பேலியோசோயிக் என்பது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த நெடுங்காலம். கேம்பிரியன், ஆர்டோவிசியன், சைலூரியன், டெவோனியன், கார்பானிஃபெரஸ், பெர்மியன் என்று அதை ஆறாகப் பிரிப்பார்கள். அக்காலக் கடல் என்றதும் மாணவர்கள் ட்ரைலோபைட்டைத்தான் சொல்வார்கள். அதில் தவறில்லை, அருங்காட்சியகப் பெட்டிகளில் கண்ணில் படுவது அதுதான். ஆனால் ட்ரைலோபைட் கிரஸ்டேசியன் அல்ல. அதன் முதுகு ஓடு கால்சைட்டால் ஆனது; உயிரோடு இருக்கும்போதே பாதி கல். ஒவ்வொரு முறை சட்டை உரித்தபோதும் கடலடியில் ஒரு கல்லோட்டை விட்டுச் சென்றது. கிரஸ்டேசியன்களின் போர்வையோ அடிப்படையில் கைட்டின். பெரிய நண்டுகளில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்படும். சிறியவற்றில் அது மெல்லிய தோல். இறந்த சில நாட்களில் பாக்டீரியாவுக்கு இரையாகிவிடும்.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. ஆஸ்ட்ரகாட் என்னும் சிற்றுயிர் இரண்டு கால்சைட் மூடிகளுக்குள் வாழ்கிறது. ஆர்டோவிசியன் தொடங்கி அதன் ஓடுகள் பாறைகளில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. எண்ணெய் தேடும் நிலவியலாளர்கள் பாறையின் வயதைக் கணிக்க அவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூடி மட்டும் கிடைத்தால், உள்ளே யார் குடியிருந்தார் என்பது தெரியாது.

கிரஸ்டேசியன் என்பதற்கான அடையாளம் ஓட்டில் இல்லை, கால்களில் இருக்கிறது. தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள், பிறகு ஓர் இணைத் தாடை, அதன்பின் இரண்டு இணைத் துணைத்தாடைகள். பூச்சிக்கும் மரவட்டைக்கும் உணர்கொம்பு ஓர் இணைதான். ஒரு புதைபடிவத்தைக் கிரஸ்டேசியன் என்று உறுதியாகச் சொல்ல, மயிரிழை போன்ற இந்த உறுப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு மயிரிழையை எங்கே போய் எண்ணுவது? சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அதற்குள் போகும் முன், உயிருள்ள கிரஸ்டேசியன்களை அறிஞர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1785இல் டென்மார்க் நாட்டு இயற்கையியலாளர் ஓ. எஃப். முல்லர், குட்டை நீரில் மூன்று இணைக் கால்களோடு நீந்திய ஒரு சிற்றுயிரைக் கண்டு, அதைத் தனி விலங்கினம் என்று கருதி நாப்ளியஸ் என்று பெயரிட்டார். அது தனி விலங்கு அல்ல, வேறொரு கிரஸ்டேசியனின் குஞ்சு என்பது பின்னர் தெளிவானது. பெயர் மட்டும் குஞ்சுப் பருவத்துக்கே நிலைத்துவிட்டது.

அடுத்த ஆள் ஜான் வாஹன் தாம்சன், அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர். கொட்டலசைச் சிப்பி, நத்தையோடு சேர்த்து மெல்லுடலி என்றே அன்று எல்லோரும் வகைப்படுத்தினார்கள். ஃபிரெஞ்சு விலங்கியலாளர் குவியே போன்ற பெரிய அறிஞரும் அப்படித்தான் வைத்திருந்தார். பாறையில் ஒட்டிக்கொண்டு சுண்ணாம்புச் சுவருக்குள் வாழும் ஒன்றைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? தாம்சன் கடல்நீரில் நீந்திய சிறு உயிர்களைப் பிடித்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் காத்திருந்தார். அவை கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறின. 1830இல் அதை வெளியிட்டார். குஞ்சைப் பார்த்தவருக்குக் குலம் தெரிந்தது. டார்வின் எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளோடு மல்லாடியது அதற்குப் பிறகுதான்.

மூன்றாமவர் மற்றொரு முல்லர். ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த ஃப்ரிட்ஸ் முல்லர். கடற்கரையில் இறால் குஞ்சுகளைப் பின்தொடர்ந்த அவர், வளர்ந்த பின் அவ்வளவு சிக்கலான உடல் பெறும் இறால், நாப்ளியஸ் உருவில் வாழ்க்கையைத் தொடங்குவதைக் கண்டார். இறாலும் கொட்டலசும் குட்டை நீரில் வாழும் சைக்ளாப்ஸும் ஒரே உருவில் பிறக்கின்றன என்றால் அவற்றுக்கு ஒரே மூதாதை இருக்க வேண்டும் என்று வாதிட்டு, 1864இல் டார்வினுக்கு ஆதரவாகச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அது முழுக்க முழுக்கக் கிரஸ்டேசியன்களைப் பற்றியது.

இந்த அவையில் மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். வனாமி இறாலின் முட்டையிலிருந்து வெளிவரும் முதல் பருவம் ஃப்ரிட்ஸ் முல்லர் சொன்ன அதே நாப்ளியஸ்தான். மூன்று இணை உறுப்புகள், நெற்றி நடுவில் ஒற்றைக் கண். முதல் இணை முதல் உணர்கொம்பு, அடுத்தது இரண்டாம் உணர்கொம்பு, மூன்றாவது தாடையாகப் போவது. உணர்கொம்பாலேயே துடுப்புப் போட்டு நீந்துகிறது. இறால் வகையில் அந்தப் பருவத்தில் தீனி கிடையாது. மஞ்சள் கருதான் உணவு. ஏறத்தாழ இரண்டு நாட்களில் ஐந்தாறு முறை உருமாறி அடுத்த பருவத்துக்குப் போய்விடும். இந்த மூன்று இணையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஸ்வீடனுக்குப் போகப் போகிறோம்.

தெற்கு ஸ்வீடனில் கேம்பிரியன் காலக் கடலடியில் படிந்த கரிய களிப்பாறை உண்டு. அதிலிருந்து 17ஆம் நூற்றாண்டு முதல் படிகாரம் எடுத்தார்கள். படிகாரக் களிப்பாறை என்றே அதற்குப் பெயர். ஆக்சிஜன் குறைந்த கடலடியில் படிந்ததால் கரிமம் நிறைந்தது. அந்தப் பாறைக்குள் ஆங்காங்கே சுண்ணாம்புக்கல் உருண்டைகள் புதைந்திருக்கின்றன. சுத்தியலால் உடைத்தால் கெட்ட வாடை வரும். உள்ளூரார் அவற்றை ஓர்ஸ்டன் என்கிறார்கள், நாற்றக்கல் என்று பொருள். ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயதுள்ள அந்த நாற்றக்கல்லைத் தேடிப் போனவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தின் கிளாவுஸ் முல்லர். ஆம், மூன்றாவது முல்லர். மூவருக்கும் உறவில்லை.

அவர் தேடியது கிரஸ்டேசியனை அல்ல. கோனோடான்ட் என்னும் பல் போன்ற நுண்படிவங்கள் அவர் துறை. அவை எந்த விலங்கின் உறுப்பு என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாறையின் வயதைச் சொல்வதில் கெட்டிக்காரப் படிவங்கள். அவை பாஸ்பேட்டால் ஆனவை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், பாஸ்பேட் கரையாமல் அடியில் தங்கும். அந்த வண்டலைக் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் மென்தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஊற வேண்டிய வேலை. அவசரப்பட்டு வீரியமான அமிலம் ஊற்றினால் படிவமும் போய்விடும்.

அந்த வண்டலில் கோனோடான்ட்டோடு சிறு இருமூடி ஓடுகள் வந்தன. அவற்றை 1964இல் முல்லர் விவரித்தார். பத்தாண்டுக்குப் பிறகு, 1975இல், அந்த மூடிகளுக்குள் வேறொன்று இருப்பதைக் கண்டார். கால்கள். கால்களில் மயிர். மயிரின் அடியில் மூட்டு. வணிக முறையில் மின்னணு வருடு நுண்ணோக்கி 1965இல்தான் விற்பனைக்கு வந்தது. அது இல்லாமல் இவற்றைப் பார்த்திருக்கவே முடியாது. 1979இல் கால்களோடு கூடிய அந்த உயிரிகளைப் பற்றிய கட்டுரை வெளியானது. அழுகியிருக்க வேண்டிய தோல் முழுவதும் பாஸ்பேட்டாக மாறி, மடங்காமல், நசுங்காமல், முப்பரிமாணத்தில் நின்றது. நம் துறையில் எத்தனையோ படிவங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பாறை அழுத்தத்தில் தட்டையான கறையாகிப் போனவைதான் பெரும்பாலும். ஓர்ஸ்டன் படங்களை முதன்முறை பார்க்கும் எந்த விலங்கியல் மாணவருக்கும், இது நேற்று பிடித்த உயிரின் படம் என்றே தோன்றும்.

ஏன் இப்படி நடந்தது? ஆக்சிஜன் குறைந்த சேற்றின் மேற்பரப்பில் பாஸ்பேட் செறிந்த நீர் இருந்தது; தோல் அழுகத் தொடங்கும் முன்பே அது படிந்து இறுகியது. பாஸ்பேட் எங்கிருந்து வந்தது என்பதற்கு, 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். இந்தப் படிவங்கள் மிகுதியாகக் கிடைக்கும் மெல்லிய அடுக்குகள் நுண்ணிய மலத்துகள்களால் நிறைந்தவை. அந்தக் கழிவுதான் பாஸ்பரசைத் தந்தது என்பது அவர்கள் முடிவு. எப்படியாயினும் அந்த வேதியியலுக்கு ஓர் எல்லை இருந்தது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எந்த உடலும் இப்படித் தங்கவில்லை. பெரியவை வழக்கம்போல அழுகிப் போயின. சிறியவை மட்டுமே கல்லாக நின்றன. அதாவது, வளர்ந்தும் சிறியதாகவே இருந்தவையும், பெரியவற்றின் குஞ்சுகளும்.

இந்த இரண்டாவதுதான் பெரும்பேறு. முல்லரின் மாணவராகச் சேர்ந்து பின்பு உல்ம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டீட்டர் வாலொசெக், ரெஹ்பாக்கியெல்லா கின்னெகுல்லென்சிஸ் என்னும் ஓர் இனத்தின் குஞ்சுகளை மட்டுமே வைத்து 1993இல் ஒரு தனிநூல் எழுதினார். கின்னெகுல்லெ என்பது வேனெர்ன் ஏரிக்கரையில் நிற்கும் குன்று. பெயர் அங்கிருந்து வந்தது. அந்த ஓர் இனத்தின் வளர்ச்சிப் பருவங்கள் முப்பதை அடுக்கிக் காட்டினார். முதல் பருவம் 0.2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது, ரவைத் துகளைவிடச் சிறியது. அதில் மூன்று இணை உறுப்புகள். முதல் உணர்கொம்பு, இரண்டாம் உணர்கொம்பு, தாடை. பொரிப்பகத் தொட்டியில் நீந்தும் அதே அமைப்பு. பிறகு சட்டை உரிக்க உரிக்கப் பின்புறத்தில் ஒரு கண்டம், அதில் ஓர் இணைக் காலின் மொட்டு, பின்னர் அந்த மொட்டு காலாகிறது, அதற்குப் பின்னால் இன்னொரு மொட்டு. முப்பது பருவம் கடந்தும் வளர்ந்த விலங்கு கிடைக்கவில்லை. இரண்டு மில்லிமீட்டர் எல்லைக்கு அப்பால் அது போய்விட்டது.

இன்று வாழும் எத்தனையோ இறால் வகைகளுக்கு இவ்வளவு முழுமையான வளர்ச்சி வரிசை நம்மிடம் இல்லை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒன்றுக்கு இருக்கிறது. அதே பாறையில் பிரெடோகாரிஸ் என்னும் மற்றோர் இனம்; அதற்கு ஐந்து குஞ்சுப் பருவங்களோடு வளர்ந்த உருவமும் கிடைத்தது, வளர்ந்தபின்னும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டதால். முப்பது படி ஏறி வளர்ந்த ஒன்று, ஐந்தே படியில் முடித்துக்கொண்ட ஒன்று. வளர்ச்சியைச் சுருக்குவது, நீட்டுவது என்ற இரு வழிகளும் கேம்பிரியனிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன.

ஓர்ஸ்டன் உயிரிகளில் மார்ட்டின்சோனியா போன்ற சிலவற்றின் குஞ்சுக்கு மூன்று அல்ல, நான்கு இணை உறுப்புகள் இருந்தன. வாலொசெக்கும் முல்லரும் இவற்றை உண்மையான கிரஸ்டேசியன்களுக்கு முந்திய கிளைகள் என்று நிறுவினார்கள். நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்றோடு பிறப்பது என்பது ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நடந்த மாற்றம். அந்த மாற்றத்தைப் பெற்ற வழித்தோன்றல்களே இன்றைய கிரஸ்டேசியன்கள். ஃப்ரிட்ஸ் முல்லர் 1864இல் உய்த்துணர்ந்ததற்குக் கல்லில் சான்று கிடைத்தது அப்போதுதான். வளர்ந்த உடல்களை மட்டும் வைத்திருந்தால் இதை யாரும் கண்டிருக்க முடியாது.

பிறகு சீனாவின் யுன்னான் மாநிலத்துப் பாறைகள். 2007இல் யிகாரிஸ், 2010இல் வுஜிகாரிஸ். ஓர்ஸ்டனைப் போலவே பாஸ்பேட்டான நுண்ணுடல்கள், ஆனால் அதற்கும் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு மூத்தவை. வுஜிகாரிஸ் என்பது ஒரு குஞ்சு. இன்றைய கொட்டலசு, சைக்ளாப்ஸ் சேர்ந்த கோப்பிப்பாடு ஆகிய வகைக் குஞ்சுகளோடு வைத்தால் வேறுபாடு சொல்வது கடினம். அதன் இரண்டாம் பெயர் முல்லெரி, கிளாவுஸ் முல்லர் நினைவாக. கேம்பிரியன் உயிர்ப்பெருக்கம் தொடங்கிச் சற்றுக் காலத்துக்குள்ளேயே இன்றைய வகைக் கிரஸ்டேசியன் நீந்திக்கொண்டிருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி ஒரு கைக்குழந்தை.

பெரிய உடல்களைத் தேடியவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவின் பர்ஜெஸ் களிப்பாறையை 1909இல் சார்லஸ் வால்காட் கண்டார். அங்கே கிடைத்த கனடாஸ்பிஸ் என்னும் படிவத்தை 1978இல் டெரெக் பிரிக்ஸ் மறு ஆய்வு செய்து கிரஸ்டேசியன் என்றார். அழகான ஆய்வு. ஆனால் தட்டையான படிவத்தில் தலை உறுப்புகளை எப்படி எண்ணுவது என்பதில் மற்றவர்கள் மாறுபட்டார்கள். விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. அதே கனடாவில், சஸ்காட்செவன் மாநிலத்தில் எண்ணெய்க்காக ஆழத்தில் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது, வேறு வகைச் சான்று வந்தது. டாம் ஹார்வியும் நிக்கலஸ் பட்டர்ஃபீல்டும் 2012இல் வெளியிட்ட அந்தத் துணுக்குகள் உடல்களே அல்ல. தாடைத் துண்டு, மயிர்வரிசைத் துண்டு, இவ்வளவுதான். ஆனால் தாடையின் அரைக்கும் பரப்பு குலத்துக்குக் குலம் வேறுபடும். ஒன்று ஆஸ்ட்ரகாட் வகை, ஒன்று கோப்பிப்பாடு வகை, ஒன்று செவுள்காலி (பிராங்கியோபோடா) வகை என்று பிரிக்க முடிந்தது. முழு உடலைவிட ஒரு பல் தெளிவாகப் பேசியது.

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷையருக்கு வருவோம். காலம் சைலூரியன், ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன். எரிமலைச் சாம்பல் கடலடியில் விழுந்து அங்கிருந்த உயிர்களை மூடியது. அழுகிய உடல் விட்ட வெற்றிடத்தைக் கால்சைட் நிரப்பியது. சுற்றிலும் சுண்ணாம்பு உருண்டை இறுகியது. இங்கே அமிலம் உதவாது, படிவமும் உருண்டையும் ஒரே சுண்ணாம்பு. அதனால் டேவிட் சிவெட்டர், டெரெக் சிவெட்டர், டெரெக் பிரிக்ஸ், மார்க் சட்டன் ஆகியோர் ஒரு கடுமையான வழியைத் தேர்ந்தார்கள். படிவத்தை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ப்பது, படமெடுப்பது, மீண்டும் தேய்ப்பது. முடிவில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும், படிவம் இருக்காது. அந்தப் படங்களை அடுக்கிக் கணினியில் உடலை மீட்டெடுக்கிறார்கள்.

உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள படிவத்தைத் தேய்த்து அழிக்கலாமா? மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும். என் கருத்து, இங்கே அது சரி. உருண்டைக்குள் புதைந்து கிடக்கும்வரை அது யாருக்கும் தெரியாத படிவம். கணினி உருவை எவரும் எந்தக் கோணத்திலிருந்தும் திரும்பத் திரும்ப ஆராயலாம். ஆனால் அழிக்காமலே உள்ளே பார்க்கும் கருவிகள் கைகூடும் இடத்தில் அதே நியாயத்தைச் சொல்ல நான் தயாராக இல்லை.

அங்கிருந்து வந்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது ரம்ஃபோவெர்ரிட்டார் என்னும் கொட்டலசு. 2005இல் வெளியான ஆய்வு. இரண்டு நிலைகள் கிடைத்தன. ஒன்று, இடம் தேடி நீந்தி ஒட்டிக்கொள்ளப் போகும் குஞ்சு. மற்றொன்று, ஒட்டிக்கொண்டு உருமாறிய இளம் கொட்டலசு. கார்க் துறைமுகத்தில் தாம்சன் கண்ணாடிக் கலத்தில் கண்ட அந்த மாற்றம், சைலூரியன் கடலில் நடந்துகொண்டிருந்தபோதே சாம்பலால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

2003இல் வெளியான கோலிம்போசாத்தான் என்னும் ஆஸ்ட்ரகாட் உலகச் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள அதில் ஆணுறுப்பு தெளிவாகத் தெரிந்ததுதான் காரணம். செய்தி அதோடு நின்றுவிட்டது. அறிவியலுக்கு அதன் மதிப்பு வேறு. செவுள், கால்கள் எல்லாம் இன்று வாழும் ஓர் ஆஸ்ட்ரகாட் குடும்பத்தோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போயின. மூடியை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்தில் வைத்திருக்க மாட்டார்கள். மூடியை வைத்து நூற்றாண்டுக் காலமாகக் கட்டிய பேலியோசோயிக் ஆஸ்ட்ரகாட் வகைப்பாட்டில் எவ்வளவு நிற்கும் என்ற கேள்வியை அந்த ஒரு படிவம் எழுப்பியது. 2007இல் வந்த நிம்ஃபாடெலினா என்னும் ஆஸ்ட்ரகாட் பெண். மூடிக்குள் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆர்டோவிசியன் பாறையில், ஏறத்தாழ 45 கோடி ஆண்டு வயதுள்ள லுப்ரிஸ்கா என்னும் ஆஸ்ட்ரகாட், பைரைட்டாக மாறிய நிலையில் முட்டைகளோடும் குஞ்சுகளோடும் 2014இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாய். குஞ்சைக் கடலில் விட்டுவிடுவதும், கூடவே வைத்துக் காப்பதும் ஆகிய இரு வாழ்க்கை முறைகளும் அவ்வளவு பழையவை.

பெரிய உடல்களின் வரலாற்றை விரைந்து கடக்கிறேன். அவை முக்கியமற்றவை என்பதால் அல்ல, அவற்றை எழுதிய நூல்கள் ஏராளம் என்பதால். ஸ்காட்லாந்தின் சைலூரியன் செராட்டியோகாரிஸ், ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் பலகைக்கல்லில் பைரைட்டாகி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் கால்களைக் காட்டும் டெவோனியன் நஹெகாரிஸ் ஆகியவை இலைக்கிரஸ்டேசியன்கள் எனப்படும் குழு. ஓஹையோவின் டெவோனியன் களிப்பாறையில் கிடைத்து 1880இல் ஒயிட்ஃபீல்ட் விவரித்த பேலியோபேலெமான், இறாலும் நண்டும் சேர்ந்த பத்துக்காலிகளின் தொன்மையான சான்றுகளில் ஒன்று.

ஒன்றில் மட்டும் நிற்க வேண்டும். கார்பானிஃபெரஸ், பெர்மியன் பாறைகளில் முதுகோடே இல்லாத இறால்கள் கிடைத்துவந்தன; அழிந்துபோன வினோதம் என்று எண்ணினார்கள். 1890களின் தொடக்கத்தில் டாஸ்மேனியாவின் மலைச்சுனைகளில் அனாஸ்பிடிஸ் என்னும் உயிருள்ள இறால் கண்டறியப்பட்டது. 1896இல் டபிள்யூ. டி. கால்மன், அது அந்தப் பேலியோசோயிக் இறால்களின் உறவு என்று காட்டினார். அனாஸ்பிடிஸின் முட்டையிலிருந்து நாப்ளியஸ் வெளிவருவதில்லை. தாயின் சிற்றுருவமாகவே குஞ்சு பிறக்கிறது. நீந்தும் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நன்னீருக்கு ஏறியவற்றில் இப்படிப் பல. ஓர் இனம் கடலை விட்டதும் முதலில் கைவிட்டது தன் குழந்தைப் பருவத்தை. அதனால் இவற்றின் கல்லில் குஞ்சைத் தேடிப் பயனில்லை. எதைத் தேட வேண்டும், எங்கே தேடக் கூடாது என்பதைக்கூட உயிருள்ள உறவுதான் சொல்லித் தருகிறது.

கிளாவுஸ் முல்லரின் கோனோடான்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எடின்பரோ அருகே கிராண்டன் கடற்கரையில் இறால் படுகை என்றே பெயர்பெற்ற கார்பானிஃபெரஸ் பாறை உண்டு. அதில் எடுத்த பலகைகள் பல பத்தாண்டுகளாக எடின்பரோ நிலவியல் அளவீட்டு அலுவலக இழுப்பறையில் கிடந்தன. 1982இல் புதைபடிவ ஆய்வாளர் யூவன் கிளார்க்சன் அங்கே இறால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பலகையில் விரலளவு நீளமுள்ள புழு போன்ற கறையைக் கண்டார். அதன் தலையில் கோனோடான்ட் பற்கள் இருந்தன. நூறாண்டுக்கு மேல் தேடப்பட்ட விலங்கு அதுதான். முதுகெலும்பிகளின் உறவு என்று தெரிந்தது. கோனோடான்ட் தேடியவர் கிரஸ்டேசியன் கண்டார், கிரஸ்டேசியன் பார்த்தவர் கோனோடான்ட் கண்டார்.

கிரஸ்டேசியன் குலத்தின் எல்லை நாம் நினைத்ததைவிடப் பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் ஜெரோம் ரீஜியர் குழுவினர் 62 மரபணுக்களை ஒப்பிட்டு, பூச்சிகள் கிரஸ்டேசியன்களுக்கு வெளியே உள்ள தனிக்குலம் அல்ல, அவற்றுக்குள்ளிருந்தே கிளைத்தவை என்று உறுதிப்படுத்தினார்கள். கடற்குகைகளில் வாழும் ரெமிபீடியா என்னும் குருட்டுக் கிரஸ்டேசியன்கள் பூச்சிகளின் நெருங்கிய உறவு. அவை 1979இல்தான் பஹாமாஸில் கண்டறியப்பட்டன. அவற்றின் உறவாகக் கருதப்படும் டெஸ்னுசோகாரிஸ் என்னும் புதைபடிவத்தை டெக்சாஸ் பாறையிலிருந்து 1955லேயே விவரித்திருந்தார்கள். இந்த மண்டபத்தின் விளக்கைச் சுற்றும் பூச்சியும் கேம்பிரியன் கடலின் அந்தக் குஞ்சுகளின் சுற்றத்தார்தான்.

நம் நாட்டில் என்ன செய்ய முடியும் என்பதோடு முடிக்கிறேன். அரியலூரில் தேடலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ், பேலியோசோயிக் முடிந்து பதினைந்து கோடி ஆண்டுகளுக்குப் பிந்தியவை. இந்தியாவில் பார்க்க வேண்டிய இடம் இமயமலை. முசூரி அருகே கீழ்த் தால் பாறைப்படிவத்தில் பாஸ்பேட் செறிந்த தொடக்கக் கேம்பிரியன் அடுக்குகள் உள்ளன. 1980களில் அங்கே சிறு ஓட்டுப் படிவங்கள் கண்டறியப்பட்டன. யுன்னானின் குஞ்சுகள் கிடைத்த பாறைகளுக்கு வயதில் நெருங்கியவை, பாஸ்பேட்டும் இருக்கிறது. கிடைக்கும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் முதலில் வேண்டியதில்லை. அசிட்டிக் அமிலமும் வாளியும் இருநோக்கு நுண்ணோக்கியும் நம் கல்லூரிகளில் உண்டு. மின்னணு நுண்ணோக்கி தேவைப்படுவது படிவம் கைக்கு வந்த பிறகு. ஓடுகளுக்காக ஏற்கெனவே கரைத்துப் பொறுக்கி மூடிவைத்த வண்டல் குப்பிகளையும் மீண்டும் திறந்து பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும், செய்முறையில் இறங்கும் மாணவர்களுக்கு: சல்லடைக் கண் 0.2 மில்லிமீட்டராக இருந்தால் ரெஹ்பாக்கியெல்லாவின் முதல் குஞ்சு கழுவும் நீரோடு போய்விடும். 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள சல்லடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே இறங்கும் தண்ணீரையும் உடனே கொட்டிவிடாதீர்கள்.